சிவப்புப் பெயிண்ட் அடித்த சக்கரம்

2006-ஆம் வருஷம், பங்குனி மாசம். விருதுநகரில் சாத்தூர் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருந்தேன். பதினாறு வருஷக் கடை. 2005-இல்தான் எதிர்வரிசையில், நாலு கடை தள்ளி, இன்னொருவர் ஒர்க்‌ஷாப் போட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர். கோயம்புத்தூரில் வேலை பழகியவர். சக்கரத்து நட்டை இறுக்கக்கூட அளவு காட்டும் ஸ்பேனர் வைத்திருந்தார். கை சொல்லாததையா ஸ்பேனர் சொல்லிவிடப்போகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசுவேன். ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் கண் போவது அவர் கடை வாசலுக்குத்தான். சிவகாசிக்கு அட்டைப்பெட்டி லோடு அடிக்கிற வேன்கள், வருஷக்கணக்கில் என்னிடம் வந்தவை, அங்கே வரிசையாக நிற்கும். ஒருநாள் என் மச்சினனே தன் பைக்கை அங்கே விட்டிருந்தான். அவனோடு ரெண்டு மாசம் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் தன் பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். மிளகாயும் உளுந்தும் போடுகிற சம்சாரி. அறுபதுகளில் அவருடைய அப்பா வாங்கிய வண்டி, நீண்ட மூக்கும் உருண்டைக் கண்ணுமாக இருக்கும். ரோட்டில் போனால் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. பிரேக் சரியில்லை, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வரணும், அதற்குள் பார்த்துக் கொடுங்கள் என்றார். எதிர்க்கடையை விட்டுவிட்டு அவர் என்னிடம் வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிரேக் வேலையை நன்றாகவே செய்தேன். நாலு சக்கரத்திலும் ரப்பர் மாற்றி, புது லைனிங் போட்டு, ஆயிலில் துளி காற்று இல்லாமல் எடுத்தேன். மிதித்தால் வண்டி அப்படியே நின்றது. அதோடு விட்டிருக்கலாம். எதிர்க்கடைக்காரர் பார்த்து வாயடைத்துப்போகணும் என்ற ஆசை விடவில்லை. பெரியவர் கேட்காமலேயே நாலு ரிம்முக்கும் சிவப்புப் பெயிண்டைக் கெட்டியாக அடித்தேன். முன்பக்கம், பின்பக்கம், நட்டு உட்காருகிற குழி, எதையும் விடவில்லை. முழுசாகக் காய்வதற்குள் மாட்டி இறுக்கினேன். வேண்டுமென்றே எதிர்க்கடை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த்தான் வண்டியைத் திருப்பினேன். அந்தக் கடைக்காரர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வயிறு எரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் பெரியவர் வந்தார். கையில் ஒரு பொட்டலம் சேவு. வண்டியின் பின்தட்டில் என் சிவப்புச் சக்கரம் ஒன்று தனியாகக் கிடந்தது. "நீங்க சொல்லி வச்சதாலதான் தப்பிச்சோம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவரே சொன்னார். பொங்கலன்று முன்சீட்டில் மாசமாக இருந்த மகள், பின்னால் ஐந்து பெண்கள். ஊருக்குள் நுழையும் முன் ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரர் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தவர், எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டார். நட்டைச் சுற்றிப் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்ததாம். அடியில் இருந்த பெயிண்ட் உதிர்ந்ததும் பிடி விட்டு, ஐந்து நட்டில் மூன்று கையாலேயே சுற்றின. கடைக்கு ஓடிப்போய் ஜாக்கியும் ஸ்பேனரும் எடுத்து வந்து, அந்தச் சக்கரத்துக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டி, மற்ற மூன்றையும் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

"புதுப் பெயிண்டு அடிச்ச வீலு, கொஞ்ச தூரம் ஓடினதும் இறுக்கணும், எங்கயாச்சும் கண்டா நிறுத்திப் பாருங்கன்னு நீங்கதான் அவுககிட்டச் சொல்லி வச்சிருந்தீகளாம்ல" என்றார் பெரியவர்.

எதிர்க்கடைக்காரரிடம் நான் பேசியதே கிடையாது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

அந்தச் சக்கரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெரியவர் போனதும், ரிம்மைத் திருப்பிப் பார்த்தேன். போல்ட் ஓட்டைகள் கோழிமுட்டை மாதிரி நீண்டுபோயிருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம்தான். என் பேரைக் காப்பாற்ற இவர் யார்? நாலு பேர் முன்னால் என்னை ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மத்தியானம் ரோட்டைத் தாண்டி அவர் கடைக்குப் போனேன். முதல் தடவை. ஏன் அப்படிச் சொன்னீக என்று கேட்டேன்.

"மாசமா இருக்கிற அந்தப் பிள்ளைக்கு மொகமே வெளுத்துப்போச்சு அண்ணாச்சி. வேலையே தப்புன்னு சொன்னா இன்னும் பயந்துரும். அதான்" என்றார். பிறகு, "அந்த ரிம்ம வெல்டு வச்சு மாட்டிராதீக. வேற போட்டுருங்க" என்றார். நான் வெல்டு வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கிளம்பத் திரும்பியபோது கூப்பிட்டார். "எம்மேலயும் தப்பு இருக்கு. அன்னைக்கு நீங்க வண்டியத் திருப்பும்போதே பெயிண்டு ஈரமா இருக்கேன்னு பட்டுச்சு. வந்து சொல்லணும்னு ரெண்டு எட்டு வச்சேன். நீங்க வேற மாதிரி நினைச்சுக்குவீகன்னு நின்னுட்டேன்."

மறுநாள் பஸ் ஏறிப் பெரியவர் வீட்டுக்கே போய், தப்பு என்னுடையது, நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார். பழைய சாமான் கடையெல்லாம் அலைந்து வேறு ரிம் தேடி மாட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டி என் கடைக்கு வரவில்லை. எதிர்க்கடையில்தான் நிற்கும். பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய்.

இப்போது என் கடையில் ரிம்மில் நட்டு உட்காருகிற இடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வண்டியையும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாங்க, நட்டை மறுபடி பார்த்துவிடுவோம் என்று சொல்லாமல் அனுப்புவதுமில்லை. ஆனால் அந்தப் பங்குனியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நட்டுகள் இல்லை. நல்லது சொல்ல ரெண்டு எட்டு வைத்த ஒரு மனுஷன் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாரே, அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.