தொள்ளாயிரம் கோடியும் ஒன்றும்

1947இல் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த அடைக்கலமேரிக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை, உண்ணாமலை என்ற மாணவி பாடப்புத்தகத்தின் சென்டிமீட்டர், கிராம் அளவை விட்டு மீட்டர், கிலோகிராம் அளவில் கணக்கிட்டிருந்தாள். துறைத்தலைவர் அதற்குச் சைபர் போட்டுவிட்டார்.

“விசைச் சூத்திரத்துல காத்துக்கு மாறிலி ஒண்ணுதாம்மா. இந்தப் பொண்ணு தொள்ளாயிரம் கோடின்னு எழுதியிருக்கு. இதுக்கா மார்க் கேக்குறீங்க?”

“அந்த ஒண்ணு காத்துல இல்ல சார். சென்டிமீட்டர் கணக்குல ஒண்ணு வர்ற மாதிரி மின்னூட்டத்தோட அலகை நாமதான் வச்சுக்கிட்டோம். அலகை மாத்துனா மாறிலியும் மாறும்.”

அடைக்கலமேரி கரும்பலகையில் இரண்டு முறையிலும் போட்டுக் காட்டினாள். இரண்டிலும் விசை ஒரே அளவாகவே வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“புஸ்தகத்துல இருக்கறதுதான் சரி.”

“அப்ப புஸ்தகம் மாறுனா ஒலகத்துல விசையும் மாறிடுமா?”

சாக்கட்டியைத் தரையில் வீசிவிட்டு, விடைத்தாளோடு நேரே முதல்வரிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு மதிப்பெண் போடச் சொன்னார். உண்ணாமலை தேறிவிட்டாள்.

ஆனால் மறுவருஷமும் துறைத்தலைவர், ஒன்று என்பது கடவுள் கொடுத்த எண் போலவே பாடம் நடத்தினார். பக்கத்து அறையில் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் அடைக்கலமேரிக்கு உடம்பு பற்றியெரியும்.