வீரபாண்டி சாமி அடக்கிய இருமல்

தேவிகுளத்துப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வீரபாண்டிக்குச் சாமிப் பட்டம் கொடுத்தது நாங்கள்தான். அவர் கேட்கவில்லை, கொடுத்த பிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற வேலை அவருக்கு. அந்தத் தூசியில் மூச்சிழுப்பு வந்து, பழனி அடிவாரத்தில் ஒரு சாமியாரிடம் மூச்சுப்பயிற்சி கற்று, ஓரளவு தேறினார். அதையே எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். அதுதான் எங்கள் யோகசாலை. முதுகு பிடித்துக்கொண்ட எத்தனையோ பேரை நிமிர்த்திவிட்ட புண்ணியவான்.

இழுப்பு முழுசாக விடவில்லை, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவர் மனைவி ராமுத்தாய்க்கு மட்டும் தெரியும். நாங்களோ, மூச்சையே கட்டி ஆள்கிறவர் எங்கள் சாமி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தோம்.

எழுபத்துநாலு மார்கழியில் ஒரு ஞாயிறு. கடும் பனி. பத்மாசனத்தில் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. நெஞ்சு அசைகிற மாதிரியும் தெரியவில்லை.

"சாமி சமாதி நெலைக்குப் போயிட்டாக. யாரும் தொட்டுறாதீக!" என்றார் பெரியமுத்து கங்காணி.

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றினோம். அறை முழுக்கப் புகை. சுற்றி உட்கார்ந்து பஜனை பாடினோம். நானும்தான் பாடினேன், அதுவும் தொண்டை கிழிய. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சத்தம் கேட்டு ராமுத்தாய் ஓடிவந்தாள். உதடு நீலம் பாரித்திருந்ததை அவள்தான் பார்த்தாள்.

"மனுசன் மூச்சுக்குத் தவிக்கிறாரு, நீங்க பாட்டுப் படிக்கிறீகளா? தூக்குங்கடா!"

கங்காணியையும் சேர்த்துத்தான் 'டா' போட்டாள். எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டார். உயிர் தங்கியது. மூன்று நாள் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

மாத்திரை விஷயம் டிஸ்பென்சரியில் வெளிப்பட்டுவிட்டது. மாத்திரை தின்கிற சாமி எதற்கு என்று முக்கால்வாசிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கங்காணியோடு சேர்த்து நாங்கள் நாலு பேர்தான். அவர் ஆசனம் எதுவும் போடவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே சாமி?" என்று கேட்டேன்.

"முதல்ல குரல் இருந்துச்சுப்பா. அதுக்குள்ள நீங்க பாட ஆரம்பிச்சிட்டீக. இத்தனை பேரு கும்பிடுறாக, இப்பப் போயி எப்படி இருமுறதுன்னு வெக்கமாப் போச்சு. அடக்கிக்கிட்டேன்."

பிறகு எங்கள் எதிரிலேயே வாய்விட்டு இருமினார், வெகுநேரம். நான் எழுந்துபோய் அவர் முதுகைத் தடவிவிட்டேன்.