முழுசாக மூன்று நாள்

என்னால் சும்மா உட்கார முடியாது. இதைப் பல வருஷம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவன் நான். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டே என் காலம் போனது. வேலையை விட்டு, புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்த பிறகும் நாலரை மணிக்குக் கண் திறந்துவிடும். திறந்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியாது.

என் மனைவி அப்படியில்லை. அவள் பாகான் நக்கோடா ஓமார் பக்கத்தில் கடலோரம் பிறந்தவள். அந்தக் கடலில் காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. வெள்ளை மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அவளை நாலைந்து இடங்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒன்றிலும் முழுசாக இருந்ததில்லை. கேமரன் மலையில் மழை என்றேன். லங்காவியில், தோட்டத்திலிருந்து போன் வந்துவிட்டது என்றேன். வந்தது உண்மை. முதலில் தோட்டத்துக்குப் போன் அடித்தது நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இந்த முறை பள்ளி விடுமுறையில், கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தீவில் மூன்று நாளைக்கு அறை எடுத்தோம். காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவையும் பாதியில கெளப்பினீங்கன்னா, இனிமே ஒங்ககூட எங்கயும் வரமாட்டேன். சொல்லிட்டேன்.”

“சரிலா, இருக்கேன்,” என்றேன்.

விடுதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு மரவீடுகள், ஒரு சாப்பாட்டுக் கொட்டகை, எதிரே கடல். காலை பத்துக்கு ஒரு படகு, மூன்று மணிக்கு ஒரு படகு, அதோடு சரி. அதைக் கேட்டதுமே எனக்கு மூச்சு முட்டியது. வந்து இறங்கிய சாயங்காலம், வேலையாள் ஒருவர் மணலில் கிடந்த சருகை வாரிக்கொண்டிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போய், அந்த மூலை விட்டுப்போச்சு என்று மலாயில் சொன்னேன். அவரும் “யெஸ் பாஸ்” என்று திரும்பப் போய் வாரினார். நாற்காலியில் இருந்தபடியே மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வினை மறுநாள் வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம் காரியம் என்று வேறு தோட்டத்துக்குப் போய் யார் லயத்து வீட்டில் தங்கினாலும், வெளியே கிளம்புமுன் படுத்த பாயைச் சுருட்டி, போர்வையை மடித்து, கூட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். நாம் படுத்ததை இன்னொருத்தர் கையால் அள்ள விடக் கூடாது. அன்றைக்கு எட்டு மணிக்குச் சின்னப் படகில் மீன் பார்க்கப் போவதாக ஏற்பாடு. நாலரைக்கே எழுந்தவனுக்கு அதுவரை வேறு என்ன வேலை? மெத்தை விரிப்பை உருவி நாலாக மடித்தேன். துண்டுகளை அடுக்கினேன். துடைப்பம் கேட்டு வாங்கி, மணல் இல்லாமல் பெருக்கினேன். சன்னல் கொக்கி சரியில்லை. தண்ணீரில் இறங்குவதால் அவள் நகையைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். அதனால் பெட்டி இரண்டையும் பூட்டி, அறைச் சாவியோடு சேர்த்துக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்தால், எங்கள் வாசற்படியில் யார் வீட்டுச் செருப்புகளோ கிடந்தன. உள்ளே மெத்தைமேல் இரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவி வந்துவிட்டது, பெட்டி வந்துவிட்டது, அறை துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. நாங்கள் காலி செய்துவிட்டோம் என்று எண்ணி, பத்து மணிப் படகில் வந்த குடும்பத்துக்கு அறையைக் கொடுத்துவிட்டாள். விடுமுறைக் கூட்டத்தில் வேறு அறையும் இல்லை. மூன்று மணிப் படகில் இடம் பிடித்துத் தருகிறேன் என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிப் படகு என்று காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. நான் வாக்குத் தவறவில்லை, அறைதான் போய்விட்டது. “என்னம்மா செய்றது, கெளம்பலாம் வா,” என்று பெட்டியைத் தூக்கினேன். தூக்கிய வேகமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஈரக் கைலியோடு படியில் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“வேணும்னுதானே செஞ்சீங்க?”

இல்லவே இல்லை என்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்தை நானே நம்பவில்லை. அவள் அழவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. கைலி முனையைப் பிழிந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கவுண்டருக்குத் திரும்பிப் போனேன். தோட்டத்தில் கற்ற மலாயையெல்லாம் அங்கே கொட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. எங்கே இடம் கொடுத்தாலும் படுத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினேன். கடைசியில் அந்தப் பெண், லீவில் போயிருந்த சமையல்காரரின் அறையைத் திறந்துவிட்டாள். இரண்டு ஒற்றைக் கட்டில், ஒரு காற்றாடி, எங்கும் வெங்காய வாசம். சன்னலைத் திறந்தால் எதிரே கேஸ் சிலிண்டர்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “கடலு வெளியதானே இருக்கு,” என்று சொல்லிப் பெட்டியை உள்ளே வைத்தாள்.

மிச்ச நாளெல்லாம் நான் இருந்தேன். அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எந்த விரிப்பையும் மடிக்கவில்லை, யாரையும் வேலை வாங்கவில்லை. கால் மட்டும் தானாக ஆடியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலைப் படகு பத்து நிமிஷம் தாமதம். மூன்று மணிப் படகு சரியாக வந்தது.

நாலாம் நாள் காலை படகில் ஏறி உட்கார்ந்ததும், பரீட்சையில் பாஸான பிள்ளைபோல் அவளைப் பார்த்தேன்.

“பாத்தியா? முழுசா மூணு நாள்.”

“இருந்தீங்க,” என்றாள். “ஆனா ஒரு தடவகூட கடலப் பாக்கலயே. படகு வர்ற பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஆடிக்கொண்டிருந்த என் முழங்கால்மேல் மெதுவாகக் கையை வைத்தாள்.

“அடுத்த தடவ நான் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வரேன். நீங்க வீட்டுலயே இருங்க. பாவம்.”