வளையத்துக்கு அடியில் ஒரு கீறல்

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த லேத் பட்டறையில் பாண்டுரங்கனுக்குத் தனிப் பெயர் இருந்தது. அவர் கடைந்து மூடிய எதிலும் தண்ணீர் நுழையாது என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் 1978இல் சென்னைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் பேராசிரியர் நடேசன் ஒரு கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மண்டபம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் கடலடியில் வளரும் பவளப்பாறைகளை வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டும். கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோக ஒரு கூடு வேண்டும்.

“எவ்ளோ ஆழம் சார்?”

“நாப்பது அடி.”

“நம்மூரு கெணறே அவ்ளோ ஆழம் கீது சார். பண்ணிரலாம்.”

அலுமினியத்தில் உருளையாகக் கடைந்தார். முன்பக்கம் தடித்த கண்ணாடி, பின்பக்கம் திருகி மூடும் மூடி. மூடியில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான். கேமரா இல்லாமல் கூட்டை மூடி, கல் கட்டிப் பிள்ளைப்பாக்கம் கிணற்றில் இறக்கினார். உள்ளே காப்பியிங் பென்சிலால் கோடு போட்ட காகிதம் இருந்தது. ஒரு சொட்டுப் பட்டாலும் கோடு ஊதாவாகக் கலங்கிவிடும். முதல் இரண்டு முறை கலங்கியது. பள்ளத்தை மறுபடி கடைந்த பிறகு, மூன்றாம் முறை காகிதம் போட்டபடியே வந்தது. நடேசன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் கூடு பட்டறைக்கு வரும். வளையத்தைக் கழற்றி, கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, மெல்லியதாக கிரீஸ் தடவி உட்கார வைத்து, கிணற்றில் இறக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார் பாண்டுரங்கன். நடேசனுடன் வருபவர் சுப்பிரமணி. மண்டபத்துக்காரர், நடேசனின் படகிலேயே ஆறு வருஷமாக இருப்பவர். கூட்டை மூடுவதும், நடேசனுக்குக் காற்றுக் குழாயை மாட்டிவிடுவதும் அவர் வேலை.

1981இல் வளையம் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் மூங்கில் குச்சியால் நெம்பி எடுக்கிறவர், அன்றைக்குக் கைக்கு எட்டிய ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினார். வளையம் வந்தது. பள்ளத்தின் குறுக்கே, மயிரிழை அகலத்தில், ஒரு கீறலும் விழுந்தது. நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தட்டியது.

பள்ளத்தை மறுபடி கடைய அரை நாள், கிணற்றுச் சோதனைக்கு அரை நாள். ஆனால் நடேசன் ஒரு நாள் முன்னதாகவே வந்து வாசலில் நின்றார். அன்று மாலை எழும்பூரில் ரயில்.

“ஆச்சா பாண்டுரங்கன்?”

‘கை தவறிருச்சு சார், நாளைக்குத் தரேன்’ என்று சொல்லியிருக்கலாம். நடேசன் கோபித்துக்கொள்கிற ஆளில்லை. பட்டறையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்குரூடிரைவரால் கீறிவிட்டேன் என்று தொழில் பழகும் பையன்கூடச் சொல்ல வெட்கப்படுவான். பாண்டுரங்கன் கீறலின் மேல் கொஞ்சம் கூடுதலாக கிரீஸை அப்பி வளையத்தை அழுத்தினார்.

“ஆச்சு சார்.”

“கிணத்துல போட்டுப் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.”

மூன்று வாரம் கழித்துக் கூடு திரும்பி வந்தது. உள்ளே உப்புப் பூத்திருந்தது. கேமரா போய்விட்டது. அதைவிட, அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் போன ஒரு பாறையை நாலு நாள் முங்கி எடுத்த படச்சுருளும் உள்ளேயே இருந்து நாசமாகிவிட்டது. நடேசன் தனியாக வந்திருந்தார்.

“உங்க மேல தப்பு இல்ல. நீங்க சோதிச்சுத்தான் குடுத்தீங்க. சுப்பிரமணி மூடும்போது வளையத்துல மணல் ஒட்டினதைக் கவனிக்கல. நாளைக்கு என் காத்துக் குழாய்லயும் இப்படி விட்டா? வேலைய விட்டு அனுப்பிட்டேன்.”

“குடுத்துட்டுப் போங்க சார், பள்ளத்தச் சுத்தம் பண்ணி வெக்கிறேன்” என்றார் பாண்டுரங்கன். நடேசன் போனதும் லேத்தில் மாட்டிப் பள்ளத்தை ஒரு நூலளவு ஆழமாகக் கடைந்து, அதற்கேற்ற தடித்த வளையம் போட்டார். கீறல் சுருள் சுருளாகச் சீவப்பட்டுக் கீழே விழுந்தது. உலகத்தில் அதற்கு இனி சாட்சி கிடையாது என்று தோன்றியபோதுதான், செய்தது இன்னதென்று அவருக்கு உறைத்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வேலையில் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மூடியதையே திறந்து திறந்து பார்த்தார். யாராவது அவர் கையைப் புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் மனைவி கனகம் தட்டை எதிரே வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“இன்னாதான் பண்ணித் தொலைச்ச? சொல்லு.”

சொன்னார். கனகம் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“அந்த ஆளு வூட்டுலயும் ஒருத்தி சோறு போட்டுக்கினு தானே இருப்பா? போய்ச் சொல்லிட்டு வா. எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்?”

சிங்கப்பெருமாள் கோவிலில் மின்ரயில் ஏறி, செங்கல்பட்டில் ராமேஸ்வரம் வண்டி பிடித்து, மறுநாள் மண்டபத்தில் இறங்கினார். விசாரித்துப் போனபோது சுப்பிரமணி மீனுக்கு ஐஸ் உடைக்கும் கொட்டகையில் இருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “பட்டறைக்காரவுக! இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, வாங்க” என்று சாக்கை உதறிப் போட்டார். அந்த வரவேற்பைத்தான் பாண்டுரங்கனால் தாங்க முடியவில்லை. உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

சுப்பிரமணி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

“மூடுறதுக்கு முன்னால விரலால சுத்தித் தடவிப் பாப்பேன். அன்னைக்கும் பாத்தேன். மணல் இல்ல. ஆனா சார் அப்பிடிச் சொன்னதும், இல்லாமயா தண்ணி போச்சுன்னு எனக்கே தோணிருச்சு.”

“மன்னிச்சுக்கப்பா...”

“இருங்க. அவரு அனுப்புனதுக்கு நான் அழுகல. வேற படகுல கூப்பிட்டாக, நாந்தான் போகல. இந்தக் கை மணல விட்டுச்சுன்னா, நாளைக்கு ஒருத்தன் மூச்ச விட்டுரும்னு பயந்துக்கிட்டு இங்கன ஐஸ் ஒடைக்கேன். ரெண்டு வருசமா என் கைய நானே நம்பலய்யா. ஒரு வார்த்த, ஒரு கார்டு போட்டிருக்கலாம்ல?”

சுப்பிரமணி திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “சாருட்ட சொல்லீட்டீகளா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல. மொதல்ல உன்கிட்ட வந்தேன்.”

“அவருட்டயும் சொல்லுங்க” என்று சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

சென்னையில் இறங்கியதும் நேரே கல்லூரிக்குப் போனார். நடேசன் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ரயிலை விட்டிருப்பேன். அவ்வளவுதானே? இப்ப அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“சார், அந்தப் பாறைய மறுபடி படம் எடுத்துரலாமா? கூடு புதுசா பண்ணித் தரேன். கூலி வேணாம்.”

நடேசன் தலையை அசைத்தார். “எந்தப் பாறை? சுண்ணாம்புக்குன்னு வெட்டி எடுத்துட்டாங்க. போன வருஷம் முங்கிப் பாத்தேன், வெறும் மணல். அது எப்படி இருந்ததுன்னு காட்ட அந்தச் சுருள் ஒண்ணுதான் இருந்தது.”

மறுவாரமே நடேசன் மண்டபத்துக்குப் போனார் என்றும், சுப்பிரமணி படகுக்குத் திரும்பினார் என்றும் மண்டபத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. கூடு அதன்பின் ஸ்ரீபெரும்புதூருக்கு வரவில்லை. கிண்டியில் வேறொரு பட்டறைக்குப் போயிற்று. அது நியாயம்தான் என்று பாண்டுரங்கன் நினைத்தார். கனகம் கேட்டபோது, “அந்த ஆளு மறுபடி கடல்ல கீறாரு” என்று சொல்லி, வெகு நாளைக்கப்புறம் முழுத் தட்டும் சாப்பிட்டார்.

ஆனால் வெட்டிப்போன அந்தப் பாறையைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவே இல்லை. அதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை, என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. போய் நின்று தவறைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.