மூன்று கால்களுக்கு மெழுகு

கட்டிலை வெளியே எடுக்கும்போது அது கதவு நிலையில் இடித்தது. தலைமாட்டுப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. மதுரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“மெதுவான்னு சொன்னேன்ல,” என்றாள் லோஜினி.

“நீதான் புள்ள அந்தப் பக்கம் இழுத்த.”

சனிக்கிழமை பிற்பகல். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்து வரிசை வீடுகளில், அவர்களுடைய ஒற்றையறைக் காம்பரா காலியாகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் வட்டகொடையிலிருந்து குறி சொல்லும் கோடாங்கி வருகிறார். அவர் உட்கார்ந்து உடுக்கடிக்க அறையைக் கழுவி ஒதுக்கி வைக்கும்படி, மதுரனின் தாய்மாமன் இராமையா சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர்கள் மகள் நிலக்ஷிக்கு நான்கு வயது. மழைக்காலம் முடிந்த பிறகும் அவளுக்கு இருமலும் இழுப்பும் விடவில்லை. ஈரச் சுவரும் தூசியும் ஆகாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஈரமில்லாத சுவரை லயத்தில் எங்கே போய்த் தேடுவது? அதற்குள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட்டிலுக்கு அடியில் காலைதோறும் சந்தன நிறத்தில் மெல்லிய பொடி. கூட்டித் தள்ளினாலும் மறுநாள் மறுபடி கிடந்தது. இராமையா அதில் பாதியைக் காகிதத்தில் மடித்துக் கோடாங்கியிடம் கொண்டுபோனார். “சுடலைப் பொடி. எடதுபக்கச் செவத்துக்கு அங்கிட்டுத் தனியா இருக்கிற பொம்பள வக்கிறது,” என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

இடதுபக்கச் சுவருக்கு அப்பால் இருப்பவள் காளியாயி. புருஷன் இறந்து, பிள்ளையும் இல்லாமல், மூட்டு வலியால் கொழுந்து எடுப்பதையும் விட்டவள். லோஜினி மலையில் வேலைக்குப் போகும் நாட்களில் நிலக்ஷியை மடியில் போட்டு வளர்த்தவளும் அவள்தான். நாளைக்கு லயமே கூடி நிற்கும்போது அவளைக் கூப்பிட்டு, எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்புறம் அவள் இந்த லயத்தில் இருக்க முடியாது. குழாயடியில்கூட அவளுக்கு இடம் விடமாட்டார்கள்.

இராமையாவின் மகன் கிஷாந்த் புதிதாகக் கல்யாணமானவன். அவர்கள் வீட்டில் ஒரே காம்பராவில் ஏழு பேர். காளியாயியின் காம்பராவைக் கேட்டு இராமையா தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தது ஊருக்கே தெரியும். லோஜினிக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிற வீட்டில் கேள்வி கேட்கத் துணிவு வராது. கோடாங்கிகளின் பிழைப்பே அந்தத் துணிவின்மையில்தான் நடக்கிறது. பிள்ளையைக் காளியாயியிடம் விடுவதை லோஜினியும் நிறுத்தியிருந்தாள்.

கீறலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. தோட்டத்துத் துரையின் பங்களாவில் பழைய சாமான்களைக் கழித்தபோது வாங்கிய கட்டில் அது. கல்யாணத்துக்கு முன்பு கொழும்பில் வீட்டு வேலை பார்த்தபோது மேசைக் கீறல்களை மறைத்துப் பழகியவள் அவள். மெழுகுவர்த்தித் துண்டை உருக்கி, அதில் தேயிலைத் தூளைக் குழைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கீறலுக்குள் அழுத்தினாள். இறுகியதும் மேலே பிதுங்கியதை வழித்துவிட்டுப் பழந்துணியால் தேய்த்தாள். கீறல் மரத்தோடு மரமாகப் போயிற்று.

அதே கையோடு கால்களையும் துடைக்கக் குனிந்தாள். காலின் உட்புறத்தில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள். அவற்றையும் அடைத்துவிடலாம் என்று ஒன்றில் மெழுகை வைத்து அழுத்தினாள். பக்கத்து ஓட்டையிலிருந்து பொடி நூலாக வடிந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

சந்தன நிறம்.

கையை உதறத்தான் முதலில் தோன்றியது. சுடலைப் பொடி என்றார்களே, வெறுங்கையால் தொட்டுவிட்டோமே. பிறகு மெல்ல முகர்ந்தாள். மர வாசனை. உள்ளே போய், சாமி படத்தடியில் மாமா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த மீதிப் பொடியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். எது எந்தப் பொடி என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஏங்க, இங்க வாங்க. இந்தக் கால தட்டுங்க.”

மதுரன் தட்டினான். பொடி கொட்டியது. அவன் முகம் வெளுத்தது.

“துரை கட்டிலு புள்ள. இதுல எப்புடி?”

“பூச்சிக்குத் துரை கட்டிலுன்னு தெரியுமா?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. லோஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் இரண்டு பேரும் அந்தக் கட்டிலில்தான் படுத்து எழுந்தார்கள். பங்களாவிலிருந்து வந்த பொருளில் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வீட்டுக்காரிமேல் சந்தேகப்படுவதுதான் சுலபமாக இருந்தது.

“மாமாகிட்ட யாரு சொல்றது?” என்றான் மதுரன். “லயம் பூரா சொல்லியாச்சு. சொன்னாலும், பூச்சியவும் அவதான் ஏவிவிட்டான்னு சொல்லுவாங்க.”

அதுவும் உண்மைதான். சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. லோஜினி மண்ணெண்ணெய்ப் போத்தலையும், பிள்ளையின் மருந்துக் குப்பியில் இருந்த சொட்டுக்குழாயையும் எடுத்து வந்தாள். மூன்று கால்களின் ஓட்டைகளில் மண்ணெண்ணெய் விட்டு, மெழுகால் அடைத்தாள். நான்காவது காலைத் தொடவில்லை. கட்டிலை முன்வராந்தாவான இஸ்தோப்பில் போட்டு, நான்கு கால்களின் கீழும் வெள்ளைக் காகிதம் விரித்தாள்.

“நீங்க இதுலயே படுங்க. நானும் புள்ளையும் உள்ள தரையில.”

“நாலு காலுலயும் விழுந்துச்சுன்னா?”

அப்படி விழுந்தால் அது பூச்சியின் வேலை இல்லை என்றாகிவிடும். அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தகரப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. காளியாயி சாமான் கட்டுகிறாள்.

காலையில் எழுந்ததும் காகிதங்களைப் பார்த்தாள். மூன்று வெறுமையாக இருந்தன. ஒன்றில் மட்டும் சிறு குவியல். யார் கண்ணிலும் படாமல் நான்கையும் கால்களைச் சுற்றியே மடித்து மூடி வைத்தாள்.

வெயில் ஏறும்போது இராமையா கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தார். லயத்து ஆட்கள் வாசலில் கூடினார்கள். காளியாயியின் கதவு சாத்தியே இருந்தது.

“கட்டில எதுக்கு வழியில போட்டு மறிச்சிருக்க?” என்றார் இராமையா.

“சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும் மாமா. ராத்திரி ஒரு காலுக்குக் கீழ மட்டும் பொடி விழுந்திருக்கு. எந்தக் காலுன்னு சாமி சொல்லட்டும்.”

கோடாங்கி உடுக்கைக் கைமாற்றிக்கொண்டார். “தெய்வத்தச் சோதிக்கக் கூடாது தாயி.”

“தெய்வத்தச் சோதிக்கல. ஒங்களத்தான் கேக்குறேன்.”

“பொம்பள பேசுற பேச்சா இது?” என்று இராமையா முன்னால் வந்தார். “மதுரா, ஒன் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லு.”

மதுரன் அசையவில்லை. தாய்மாமன் சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

கூட்டத்திலிருந்து, கோடி வீட்டுப் பிரியந்தியின் குரல் வந்தது: “செவத்துக்கு அங்கிட்டுத் தெரிஞ்சவருக்குக் கட்டிலுக்கு இங்கிட்டுத் தெரியாதாக்கும்.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றியது. கோடாங்கி உடுக்கைப் பைக்குள் வைத்தார். “நம்பிக்கையில்லாத வீட்டுல நமக்கு வேலையில்ல,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அப்போதுதான் மதுரன் குனிந்தான். காகிதங்களைப் பிரித்துப் போட்டான். நான்காவது காலைக் கை முட்டியால் ஓங்கிக் குத்தினான். எல்லோர் கண் முன்னாலும் பொடி கொட்டியது.

“பூச்சி, மாமா. பங்களாவுலேருந்து நாமதான் தூக்கிட்டு வந்தோம். ஒரு பக்கம் நீங்களும் புடிச்சீங்க.”

இராமையா பொடியைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார்.

“சரி, அது போகட்டும். அந்தக் காம்பரா விசயத்தப் பெறகு பேசிக்குவோம்.”

“அதத்தான் பேச வந்தீங்கன்னு இப்பவாவது சொன்னீங்களே,” என்றாள் லோஜினி.

கூட்டம் கலைந்தது. காளியாயியின் கதவு அன்று முழுக்கத் திறக்கவேயில்லை.

திங்கட்கிழமை, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன், லோஜினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினாள். காளியாயி திறந்தாள். பின்னால் தகரப் பெட்டி, கயிறு கட்டியபடி கிடந்தது. பிள்ளை அவளைப் பார்த்ததும் கையை நீட்டியது. காளியாயி கை நீட்டவில்லை.

“நாளைக்கும் இருமுனா என்ன சொல்லுவ?”

லோஜினிக்கு முகம் நிமிரவில்லை. “இருமும்க்கா. கட்டிலுப் பொடி மட்டுமா, செவுரும் ஈரந்தானே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். வேற எங்கயும் போகமாட்டேன்.”

“மாமங்காரன் மறுபடி வருவான்.”

“வரட்டும். நாங்களும் இருக்கோம்.”

காளியாயி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மலை உச்சியிலிருந்து கங்காணியின் சத்தம் கேட்டது.

“போ, பேரு போடாம விட்டுருவான்,” என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பெட்டியின் கயிற்றை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை.