ஒன்பதாம் தாங்கியை விசாரிக்க ஓகூஸ் வரை

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வைன் குடிப்பதற்கென்றே நானும் கணவரும் டென்மார்க்கின் ஹோர்சன்ஸிலிருந்து ஓகூஸுக்குப் போய் வந்தோம். எங்கள் வீட்டில் வைன் போத்தல் என்றால், யாராவது பரிசாகத் தருவது. நாங்கள் அதை அப்படியே இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுப்பது. அப்படிப்பட்டவர்கள் ஆளுக்கு 450 குரோனர் கட்டி ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். பெரும்பாலும் பால் நிரப்பி வைக்கும் தாங்கிகள்தான். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பிரான்சின் போர்டோப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்று பதினான்கு வைன் தாங்கிகள் கேட்டிருந்தது. பழைய சீமெந்துத் தொட்டிகளை இடித்துவிட்டு, தோட்டத்தின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தாங்கி வைப்பது அவர்களின் திட்டம். தாங்கியின் உட்பக்க வெல்டிங் ஒட்டுகளைக் கண்ணாடிபோல மினுக்க வேண்டும். மயிரளவு கீறல் இருந்தாலும் அதில் கசடு தங்கி வைனைக் கெடுத்துவிடும். உள்ளே இறங்கும் வாய் சிறியது. எங்கள் டேனிஷ் ஆண்களுக்குத் தோள் மாட்டிக்கொள்ளும். நானோ ஐந்தடி. ஆகவே பதினான்கு தாங்கிக்குள்ளும் இறங்கியவள் நான் ஒருத்திதான். சொல்லும்போது தலைக்கனம் தெரிகிறது என்றால், ஆம், இருக்கிறது.

ஒன்பதாம் தாங்கியில்தான் பிரச்சினை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், லொறி வாசலில் நிற்கிறது. அடிப்பக்க ஒட்டில் ஒரு சாண் நீளம் எனக்குப் பிடிக்கவில்லை. "உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள், வெளியே வா" என்று மேற்பார்வையாளர் டேனிஷில் கத்தினார். "வைன் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சாணைக் கிரைண்டரால் தோண்டியெடுத்துத் திரும்ப ஒட்டினேன். மினுக்கி முடிக்க இரண்டரை மணித்தியாலம் போனது. லொறி திங்கட்கிழமைதான் புறப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. கடிதம் போகட்டும். ஒரே இடத்தை இரண்டு தரம் சூடாக்கினால், உருக்குப் பின்னாளில் அங்கே அரிக்கவும் கூடும். நான் செய்தது சரியா பிழையா என்று இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்த வருடம், ஓகூஸ் துறைமுகத்து வைன் கடை ஒன்றின் விளம்பரத்தில் அந்தத் தோட்டத்தின் பெயரைக் கண்டேன். புதிய தாங்கிகளின் முதல் வைனுக்குப் பத்து வயதாம். சுவைத்துப் பார்க்க வரலாமாம். போவதா விடுவதா என்று இரண்டு நாள் இழுத்தடித்தேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர். "தாங்கியைப் பாக்கப் பிரான்சுக்குப் போகேலாது எண்டுதானே சொன்னனீர். இப்ப அது வீட்டு வாசலுக்கு வந்திருக்கு. வெளிக்கிடும்."

13.08 ரயிலில் ஏறினோம். போக வர ஒருவருக்கு 200 குரோனருக்குக் கொஞ்சம் குறைவு. பயணம் முப்பத்தைந்து நிமிடம். "பாணும் சீஸும்தானே தருவாங்கள்" என்று கணவர் ஆறு மட்டன் ரோல்ஸ் கட்டி வந்திருந்தார். ஸ்கேண்டர்போர்க் நிலையம் தாண்டுவதற்குள் அதில் நாலை, மிளகாய்ச் சோஸ் தொட்டு அவரே முடித்துவிட்டார். ஓகூஸ் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குப் பதினைந்து நிமிட நடை. கடல்காற்று காதை அறுத்தது. தொப்பி கொண்டுபோங்கள்.

பழைய பண்டகசாலை ஒன்றில் நீண்ட மேசை, இருபது பேர். தோட்டத்திலிருந்து வந்திருந்த வைன் தயாரிப்பாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண், ஆங்கிலத்தில் பேசினார். ஆளுக்கு இரண்டு கிளாஸ். இடப்பக்கம் சீமெந்துத் தொட்டியின் கடைசி வைன், வலப்பக்கம் உருக்குத் தாங்கியின் முதல் வைன். எனக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைத் தாடிக்காரர் குடிப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னார்: உருக்கில் செய்தது மூன்று வருடத்துக்கு மேல் நிற்காது, இதற்குள் செத்திருக்கும்.

கணவர் ஒரு வாய் குடித்ததும் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சிவசப்படவில்லை, மிளகாய். நான் வலப்பக்கத்துக் கிளாஸை எடுத்தேன். முதலில் நாவல்பழம் தின்றதுபோல நாக்கை இழுத்தது. பிறகு அந்த இழுப்பு மெல்ல விட்டு, மழை பெய்த மண்ணின் வாசம் வந்தது. விழுங்கிய பிறகும் வாயிலேயே நின்றது. எனக்கு வைன் தெரியாது, ஆனால் அது சாகவில்லை என்பது தெரிந்தது. எது பிடித்தது என்று கை தூக்கச் சொன்னபோது பதின்மூன்று பேர் வலப்பக்கம். தாடிக்காரரும் தூக்கினார். "இது இன்னும் பத்து வருடம் நிற்கும்" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் எழும்பி நின்றார். இருபது பேர் முன் டேனிஷ் பேசக் கூச்சப்படும் மனிதர், "அந்தத் தாங்கியெல்லாம் என்ர மனிசி செய்தது" என்று அதே டேனிஷில் அறிவித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசம் தாங்கவில்லை.

யாரோ அதை ஆங்கிலத்தில் சொல்ல, தயாரிப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார். நாலாம் தாங்கிதான் தங்களின் செல்லம், இரண்டாவது ஒரு பிடிவாதக்காரி என்று பிள்ளைகளைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒன்பதைக் கேட்டேன்.

"ஒன்பதா? அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருடமும் உள்ளே விளக்குப் பிடித்துப் பார்க்கிறோம். ஒருநாளும் ஒன்றும் இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தாங்கியைப் புகழாமல் விட்டதற்காக நான் நொந்துபோனேன் என்று நினைத்து, அவர் மன்னிப்பெல்லாம் கேட்டார். வெல்டருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இப்படியான நிகழ்வுகளுக்கு முற்பதிவு கட்டாயம். காரை வீட்டில் விட்டுப் போங்கள். காலையிலிருந்து உறைப்புச் சாப்பிடாதீர்கள். சுவைத்த வைனைத் துப்பவென்று ஒரு வாளி வைப்பார்கள், வெட்கப்படாமல் துப்பலாம். நாங்கள் காசு கட்டியது என்று விழுங்கிவிட்டு 17.40 ரயிலில் நித்திரையாகிப் போனோம். ஒரு போத்தல் 380 குரோனருக்கு வாங்கினோம். கணவர் அதைக் கண்ணாடி அலுமாரியில் நிறுத்தி வைக்கப் பார்த்தார். நிறுத்தினால் தக்கை காய்ந்துவிடுமாம். அது இப்போது குளிருடுப்புப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது, நான் ஓய்வுபெறும் நாள் வரைக்கும்.

திங்கட்கிழமை காலை ஒரு பால் தாங்கிக்குள் இருந்தேன். அதே மேற்பார்வையாளர் வெளியே தட்டி, உள்ளே எப்படி என்று கேட்டார்.

"சொல்ல ஒன்றுமில்லை" என்றேன். உள்ளேயிருந்து சொன்னதால் தாங்கி முழுக்க அது முழங்கியது.