சீட்டுப் போடும் மெஷினைத் திறந்த நாள்

மன்றத்தில் அன்று இருந்தவர்கள்: செயலாளர் தனபால், பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். லாட்ஜ் வைத்திருக்கும் ஏகாம்பரம். சர்வேயர் வேலை பார்த்த முனுசாமி. பாத்திரக் கடை பாஷா பாய். ஐந்தாவது நான். செங்கம் ரோட்டில் மிக்சி, தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன்.

நால்வரும் சாயங்காலம் ரம்மி ஆடுவார்கள். காசு கிடையாது. சீட்டுப் போட ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். சீட்டுக் கட்டை மேலே வைத்து பட்டனை அழுத்தினால், ரப்பர் ரோலர் ஒவ்வொன்றாக இழுத்து நாலு பக்கத்துத் தட்டிலும் பதின்மூன்று போடும்.

மெஷின் கோளாறு என்று ஏகாம்பரம் போன் செய்தார். போனேன். ஆட்டம் நின்றிருந்தது. மூன்று ஆட்டமாக பாய்க்கு ஆட்டத்துக்கு ஒரு சீட்டு கம்மி. சீட்டுக் கட்டை எண்ணினால் அதிலும் மூன்றைக் காணோம். பாய்தான் ஒளிக்கிறார் என்று தனபால் சொல்லிவிட்டார்.

"மெஷின் பொய் சொல்லுமா பாய்? எழுந்து லுங்கிய ஒதறுங்க."

"என்னையே செக் பண்றியா? இது இன்னா பஸ்ஸா?"

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். தனபால் சிரிக்கவில்லை.

"சீட்டு கெடைக்கலன்னா நாளைலேர்ந்து வராதீங்க."

பாய் எழுந்து செருப்பைத் தேடினார்.

"கொஞ்சம் இருங்க பாய்" என்றேன்.

நாலு ஸ்க்ரூ. கழற்றினேன். மோட்டார் சரி. ரோலர் சரி. பாய் பக்கம் சீட்டு இறங்கும் வழியில், உள்ளே ஆழத்தில் மூன்று சந்தனப் பொட்டு. மூடிய இடம், ஈரம் காயவில்லை. பொட்டுக்கு ஒரு சீட்டாக மூன்றும் ஒட்டியிருந்தன.

"யார் வெச்சது?"

தனபால் தலையைச் சொறிந்தார். "நேத்து ஆயுத பூஜ இல்ல? வெளிய வெச்சா கை பட்டு அழிஞ்சிடும். அதான் விரல விட்டு உள்ள வெச்சேன். சாமி மலையப் பாத்த பக்கமா."

"இப்ப மெஷினோட லுங்கிய ஒதறு தனபாலு" என்றார் முனுசாமி.

தனபால் போய் பாயின் கையைப் பிடித்தார். "தப்பு பாய். வந்து உக்காருங்க."

"மொதல்ல சீட்டப் போடு. பாக்கலாம்."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் மேல் புகார் வந்தாலும் மெஷினைத் திறந்து பாருங்கள்.

துடைத்து மூடினேன். தனபால் பட்டனை அழுத்தினார். பாய் நின்றபடியே தன் தட்டில் விழுந்ததை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினார்.

பதின்மூன்று.